உருகிய அணு எரிபொருளும் வெப்பந்தாங்கு கொள்கலப் பொருள்களும்

உருகிய அணு எரிபொருளைத் தாங்கும் கொள்கலத்துக்கு உயர்ந்த உருகுநிலை தேவை என்பது வெளிப்படை. ஆயினும் கலம் நிலைக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது எரிபொருளுக்கும் கலச்சுவருக்கும் இடையே நிகழும் வேதிவினையே ஆகும். யுரேனிய உலோகம் 1132 பாகை செல்சியசில் உருகுகிறது. சிலிக்கா அதைவிட ஐந்நூறு பாகைக்கு மேலும் உருகாமல் நிற்கும் என்றாலும், உருகிய யுரேனியம் சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு தானே ஆக்சைடாகிவிடுவதால், சிலிக்கா மிகுந்த மூசைகள், அதாவது உலோகம் உருக்கும் கலங்கள், இப்பணிக்கு உதவுவதில்லை. மிக உயர்ந்த வெப்பத்திலும் உருகாத கிராபைட்டுடனும் யுரேனியம் வினைபுரிந்து கார்பைடாக மாறுகிறது. ஆகவே கிராபைட் மூசையின் உட்சுவரில், யுரேனியத்தைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் இட்ரியத்தின் ஆக்சைடு பூசப்படுகிறது.

அணுமின் உலையில் விபத்து நேர்ந்தால் சிக்கல் பன்மடங்காகும். குளிர்விக்கும் நீர் வற்றும்போது யுரேனியம் டைஆக்சைடும், எரிபொருள் உறையிலுள்ள சிர்க்கோனியமும், எஃகும் ஒன்றாக உருகிக் கோரியம் எனப்படும் கலவை உண்டாகிறது. தூய யுரேனியம் டைஆக்சைடு ஏறத்தாழ 2850 பாகையில் உருகுவது என்றாலும், உருகிய சிர்க்கோனியம் அதற்கு வெகு கீழான வெப்பநிலையிலேயே அதைக் கரைக்கத் தொடங்கிவிடும். 1979இல் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்டு உலையில் சுமார் 20 டன் உருகிய பொருள் அழுத்தக்கலத்தின் அடியில் இறங்கியும், அங்கு நீர் இருந்தமையால் எஃகுச் சுவர் உடையாமல் தப்பியது. கோரியம் வெறும் கான்கிரீட்டின் மேல் விழுந்தால், கான்கிரீட் சிதைந்து நீராவியையும் கார்பன் டைஆக்சைடையும் வெளியிட, அவை சிர்க்கோனியத்துடன் வினைபுரிவதால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் பெருகும்.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் உலைகளில் இதற்குச் செய்யப்பட்டுள்ள ஏற்பாடு கருத்தூன்றிப் பார்க்கத்தக்கது. அழுத்தக்கலத்தின் கீழே, வெளிப்புறம் நீரால் குளிர்விக்கப்படும் எஃகுக் கலன் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. இது கோர் கேட்சர் எனப்படுகிறது. இதனுள் இரும்பு ஆக்சைடும் அலுமினாவும் சேர்ந்த பொருள் நிரப்பப்பட்டுள்ளது. கோரியத்தை எதிர்த்து நிற்பதற்காக அன்றி, அதில் கரைந்துபோவதற்காகவே இப்பொருள் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதில்தான் வடிவமைப்பின் நுட்பம் உள்ளது. இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனைச் சிர்க்கோனியத்துக்குக் கொடுப்பதால், ஹைட்ரஜன் உண்டாகாமலேயே அவ்வுலோகம் ஆக்சைடாக மாறுகிறது. கரையும் பொருள் வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. அத்துடன் யுரேனிய ஆக்சைடு அடுக்கு நீர்த்து அடர்த்தி குறைவதால், தொடக்கத்தில் மேலே மிதந்த உருகிய எஃகு அதன் கீழே இறங்கிவிடுகிறது. மெல்லிய எஃகு அடுக்கு மேலேயே தங்கியிருந்தால் வெப்பம் முழுவதும் கலச்சுவரின் ஒரு குறுகிய வளையத்தில் குவிந்து அதைத் துளைத்துவிடக்கூடும். ஆக்சைடு மேலே வந்தபின், உலோகமும் நீராவியும் வினைபுரியும் அச்சமின்றி மேற்பரப்பில் நீர் பாய்ச்சலாம்.