மதிப்பெண்ணின் ஓரத்தில் ஒரு குறிப்பு

பொதுத்தேர்வுக் காலம் வந்துவிட்டால் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்றுண்டு. டிஸ்லெக்சியா முதலிய குறைபாடு உடைய தேர்வர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு, கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகள் வழங்கப்படுகின்றன என்று அது கூறும். ‘சலுகை’ என்ற சொல்லை நாம் அவ்விடத்தில் சற்றும் தயங்காமல் ஆள்கிறோம். சலுகை என்பது ஒருவருக்கு இரங்கி மற்றொருவர் அளிப்பது. பேருந்துக் கட்டணத்திலும் பண்டிகைக்காலத் துணிக்கடையிலும் நாம் காண்பது. ஒன்றைச் சலுகை என்று அழைத்துவிட்ட பிறகு, பக்கத்து இருக்கையில் இருப்பவன் ‘எனக்கு ஏன் இல்லை?’ என்று கேட்பது இயல்பே.

அக்கேள்வியை எள்ளி நகையாடிவிட முடியாது. ஒரு மதிப்பெண்ணில் இடம் கைநழுவிப் போகும் நாட்டில், ஒருவனுக்கு மூன்று மணி நேரமும் இன்னொருவனுக்கு நான்கு மணி நேரமும் அளிப்பது நேர்மையா என்பது மெய்யான கேள்வி. இதனை நீதிமன்றங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடிப் பார்த்த நாடு அமெரிக்கா. அவ்வழக்கின் நடுவில் இருந்தது மதிப்பெண்ணின் அருகே அச்சிடப்பட்ட ஒரு சிறு குறிப்பு. அது எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்பதைப் பார்த்தால், பக்கத்து இருக்கைக்காரனின் கேள்விக்கு விடை தேட ஒரு வழி புலப்படும்.

கதை தொடங்குவது இங்கிலாந்தில். 1896 நவம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்சி என்னும் 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். விளையாட்டில் சுறுசுறுப்பானவன்; கணக்கில் விருப்பமுடையவன்; எண்களைத் தடையின்றிப் படிப்பவன். ஆனால், பல ஆண்டுகள் முயன்று கற்பித்தும் அச்சடித்த சொல் அவனுக்குப் பொருள் தரவில்லை. தன் பெயரையே எழுத்து முறைமாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடத்தப்பட்டால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் இவனாகத்தான் இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. மார்கன் இந்நிலையைப் பிறவியிலேயே அமைந்த ‘சொற்குருடு’ என்றார். அறிவு என்பதும் எழுத்தை விரைந்து படிக்கும் ஆற்றல் என்பதும் வேறு வேறாக இருக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கிய காலம் அது.

ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளில் தேர்வுகள் நேர்மாறான திசையில் நடந்தன. 1917இல் முதல் உலகப்போருக்கு ஆள் திரட்டிய அமெரிக்கா, படைக்கு வந்தோரைத் தரம் பிரிக்க ‘ஆர்மி ஆல்ஃபா’ என்ற எழுத்துத் தேர்வை உருவாக்கியது. இலட்சக்கணக்கானோரைக் குறுகிய காலத்தில் வகைப்படுத்த வேண்டியிருந்தமையால் கடிகாரமே கண்காணிப்பாளர் ஆயிற்று. அத்தேர்வு முடிவுகளை ஆராய்ந்த கார்ல் பிரிகாம் என்ற பிரின்ஸ்டன் உளவியலாளரின் தலைமையிலேயே கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வு உருப்பெற்றது. 1926 ஜூன் மாதத்தில் முதன்முறையாக நடந்த அத்தேர்வில் 315 வினாக்கள். நேரம் 97 நிமிடங்கள். அதாவது, வினா ஒன்றுக்கு 19 நொடி கூட இல்லை. கல்லூரிக் கல்விக்கு இந்த வேகம் ஏன் வேண்டும் என்று எவரும் ஆராய்ந்து முடிவு செய்ததாகத் தெரியவில்லை. படைமுகாமின் வசதிக்காக வந்த கடிகாரம் வகுப்பறையில் அறிவின் அளவுகோலாக நிலைத்துவிட்டது.

1963இல் சிகாகோவில் பெற்றோர்கள் கூடிய மாநாடு ஒன்றில் சாமுவேல் கிர்க் என்னும் அறிஞர் ‘கற்றல் குறைபாடு’ என்ற தொடரை முன்வைத்தார். மந்தம், சோம்பல், முரட்டுத்தனம் என்று பலவாறாக ஏசப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பொதுப்பெயர் கிடைத்தது. 1973இல் இயற்றப்பட்ட மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, அரசுப் பணம் பெறும் எந்த நிறுவனமும் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை விலக்கலாகாது என்றது. அதற்கான விதிகள் நான்கு ஆண்டுகள் கிடப்பில் கிடந்தன. 1977 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகள் சான்பிரான்சிஸ்கோ நகரின் அரசுக் கட்டடத்தில் புகுந்து, மூன்று வாரங்களுக்கு மேல் வெளியேற மறுத்து அமர்ந்த பின்னரே விதிகளில் கையெழுத்தாயிற்று.

அவ்விதிகளில் ஒரு நுட்பமான தொடர் உண்டு. நுழைவுத்தேர்வு மாணவனின் தகுதியை அளக்க வேண்டுமே ஒழிய அவனுடைய குறைபாட்டை அளக்கக்கூடாது. தேர்வு அளக்க முற்படுவது அந்தத் திறனையே என்றால் மட்டும் அது விதிவிலக்கு. இந்த விதிவிலக்கில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. விரைந்து படிக்கும் திறனை அளப்பதுதான் தேர்வின் நோக்கம் என்றால், கூடுதல் நேரம் தருவது அளவுகோலையே வளைப்பதாகும். அது நோக்கம் அன்று எனில், கூடுதல் நேரம் தர மறுப்பதே அளவுகோலை வளைப்பது.

தேர்வு நிறுவனங்கள் இரண்டில் எதையும் வெளிப்படையாகச் சொல்ல முன்வரவில்லை. கூடுதல் நேரத்தையும் தந்தன. அவ்வாறு எழுதியோரின் மதிப்பெண் அருகே, ‘வழக்கமல்லாத முறையில் நடத்தப்பட்டது’ என்று பொருள்படும் ஒரு குறிப்பையும் இட்டன. சேர்க்கைக்கு முன்னர் ஒரு மாணவனின் குறைபாட்டைப் பற்றிக் கல்லூரி விசாரிக்கக்கூடாது என்று விதி சொன்னது. விசாரிக்காமலேயே அதனை அறிவித்தது இக்குறிப்பு. ஆய்வு முடியும் வரை இருக்கட்டும் என்று அரசும் இசைந்தது.

ஆய்வும் நடந்தது. 1988இல் வாரன் வில்லிங்காமும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட நூல், மாற்றுத்திறனாளிகளின் தேர்வுகள் பெரும்பாலும் மற்றவர் தேர்வுகளோடு ஒப்பிடத் தக்கவையே என்றது. ஆனால் ஒரு முள்ளும் அதில் இருந்தது. மிகுதியான நேரம் பெற்ற கற்றல் குறைபாடுடைய மாணவர்களின் எஸ்.ஏ.டி. மதிப்பெண், பின்னர் அவர்கள் கல்லூரியில் பெற்ற தரத்தைவிடச் சற்று உயர்ந்த எதிர்பார்ப்பை உண்டாக்கியது. கல்லூரிகள் அவர்களுக்கு உரிய துணையை அளிக்காமை இதற்குக் காரணமாகலாம். நேரம் தேவைக்கு மேல் தரப்பட்டதும் காரணமாகலாம். சலுகையை ஆதரிப்போர் இம்முடிவை மறைக்க வேண்டியதில்லை. எதிர்ப்போர் இதனை மட்டுமே காட்டவும் கூடாது.

தொண்ணூறுகளில் வாதம் சூடேறியது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஜான் வெஸ்ட்லிங், 1995இல் ஆற்றிய உரையொன்றில் சமந்தா என்ற மாணவியைப் பற்றிக் கூறினார். கற்றல் குறைபாட்டுச் சான்றோடு வந்து, கூடுதல் நேரமும் குறிப்பெடுத்துத் தர ஆளும் கேட்டு, வகுப்பில் தூங்கிப்போனால் விட்டுப்போன பாடத்தைப் பின்னர் சொல்லித்தர வேண்டும் என்றும் கோரியவள் என்பது கதை. அதே ஆண்டில் அப்பல்கலைக்கழகம் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுபரிசோதனை உள்ளிட்ட கடுமையான நிபந்தனைகளை விதித்தது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1997இல் நடந்த விசாரணையில், சமந்தா என்று ஒருத்தி இல்லவே இல்லை, தாம் கற்பித்த பாத்திரமே என்று வெஸ்ட்லிங் ஒப்புக்கொண்டார். இலக்கியம் பயிற்றுவிக்கும் எனக்கு இச்செய்தியைப் படித்தபோது வியப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றின. ஒரு கற்பனைப் பாத்திரத்தை நம்பி விதி வகுக்கப்பட்டால் அதன் சுமையைச் சுமப்பவர்கள் மெய்யான மனிதர்கள் அல்லவா?

நீதிபதி பாட்டி சாரிஸ் அளித்த தீர்ப்பு நிதானமானது. மறுபரிசோதனை நிபந்தனை சட்டத்துக்கு மாறானது, முன்முடிவுகளின் அடிப்படையில் விண்ணப்பங்களை ஆராய்ந்தது தவறு என்று கூறி, ஆறு மாணவர்களுக்குச் சுமார் 30,000 டாலர் இழப்பீடு வழங்கினார். ஆனால், அயல்மொழிப் பாடத்துக்கு மாற்றுப் பாடம் தந்தே ஆகவேண்டும் என்று பல்கலைக்கழகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. பட்டத்துக்கு எது இன்றியமையாதது என்பதை ஆசிரியர்கள் கூடி ஆராய்ந்து முடிவு செய்யட்டும் என்றார். ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்பதுதான் அத்தீர்ப்பின் உயிர்.

ஓரக்குறிப்பை வீழ்த்தியவர் கற்றல் குறைபாடு உடையவர் அல்லர். இரு கைகளும் இல்லாத ஒரு ஸ்டான்ஃபோர்டு பட்டதாரி, மேலாண்மைப் படிப்புக்கான ஜி.மேட் தேர்வைக் கூடுதல் நேரத்தில் எழுதினார். மதிப்பெண்ணுடன் குறிப்பும் சேர்ந்து சென்றது. 1999இல் அவர் தேர்வு நடத்திய இ.டி.எஸ். நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2001இல் உடன்பாடு ஏற்பட்டு, அந்நிறுவனத்தின் பல தேர்வுகளில் குறிப்பு நீக்கப்பட்டது. எஸ்.ஏ.டி. குறித்து முடிவு செய்ய வல்லுநர் குழு ஒன்று அமைந்தது. குறிப்பு வேண்டா என்பது அதன் பெரும்பான்மைக் கருத்து. 2003 அக்டோபர் முதல் எஸ்.ஏ.டி. மதிப்பெண் குறிப்பின்றி வெளிவந்தது. சட்டக்கல்லூரி நுழைவுத்தேர்வோ 2014 வரை பிடிவாதமாக இருந்து, நீதிமன்ற உடன்பாட்டிற்குப் பின்னரே பணிந்தது.

இத்துடன் கதை சுபமாக முடியவில்லை. குறைபாட்டுக்குச் சான்று பெற உளவியலாளரிடம் நெடிய பரிசோதனை வேண்டும். அதற்குப் பெரும்பணம் வேண்டும். 2000ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் இதைச் சுட்டிக்காட்டினார். தகுதியற்ற சிலர் கூடுதல் நேரம் பெறுகிறார்கள். தகுதியுடைய பலர் பெறாமலே போகிறார்கள். வசதி படைத்தோர் வாழும் பகுதிகளில் சலுகை பெறுவோர் மிகுதி. 2019இல் வெளிப்பட்ட கல்லூரிச் சேர்க்கை மோசடியிலோ, இடைத்தரகர் ஒருவர் செல்வந்தப் பெற்றோரிடம் கற்றல் குறைபாட்டுச் சான்று வாங்கச் சொல்லி, அதனால் கிடைத்த தனித்தேர்வு ஏற்பாட்டைப் பயன்படுத்தி விடைகளைத் திருத்த வழிசெய்தார். சமந்தாவைக் கற்பித்தவருக்கு மெய்யான சமந்தாக்கள் இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்தார்கள் எனலாம். ஆனால் இவர்கள் கற்றல் குறைபாடு உடையவர்கள் அல்லர், பணம் உடையவர்கள்.

ஆக, பக்கத்து இருக்கைக்காரனுக்கு என்ன சொல்வது? ஸ்டீபன் சிரேசியும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கூடுதல் நேரம் பெரும்பாலும் எல்லா மாணவர்க்கும் உதவுகிறது; குறைபாடு உடையோருக்கு மேலும் மிகுதியாக உதவுகிறது. இதன் முற்பகுதிதான் சிந்திக்க வேண்டியது. எல்லாருக்கும் நேரம் போதவில்லை என்றால், குறை மாணவனிடத்தில் மட்டும் இல்லை, வினாத்தாளிலும் இருக்கிறது. யாப்பிலக்கணத்தை ஒருவன் அறிவானா என்று சோதிக்கும் நான், அவன் அதனைப் பத்து நிமிடத்தில் எழுதுகிறானா பதினைந்து நிமிடத்தில் எழுதுகிறானா என்பதையும் சேர்த்தே அளந்துவிட்டு, அளந்தது யாப்பறிவு மட்டுமே என்று சொல்லிக்கொள்வது பொருந்தாது. வேகம் தேவையான பணிக்கு வேகத்தைச் சோதிக்கட்டும். சோதிக்கிறோம் என்று அறிவித்துவிட்டுச் சோதிக்கட்டும். தேவையில்லாத இடத்தில் எல்லாருக்கும் போதிய நேரம் தரட்டும். சான்றுக்காகப் போலியாக வரிசையில் நிற்பவர் கூட்டமும் அப்போது குறையும். 2024இல் கணினிக்கு மாறிய எஸ்.ஏ.டி., வினாவின் எண்ணிக்கையைக் குறைத்து வினா ஒன்றுக்கான நேரத்தைக் கூட்டியிருக்கிறது. 1926இன் கடிகாரம் மெல்லத் தளர்கிறது.

நம் நாட்டிலும் இவ்வழக்கு நீதிமன்றத்தை எட்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய ஒருவருக்குக் குடிமைப்பணித் தேர்வில் எழுத்தர் உதவி மறுக்கப்பட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சிலர் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சத்தால் உரியவர்க்கு மறுக்கலாகாது என்பது அதன் நிலைப்பாடு.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு வழக்கு. எழுத்துத் திறன் குறைபாடு உடைய மாணவி ஒருத்தி நீட் தேர்வு எழுதினாள். விதிப்படி மணிக்கு 20 நிமிடம் வீதம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக அவளுக்கு உண்டு. தேர்வறையில் இருந்தவர்கள் விதியை அறியாமல், மூன்று மணி நேரம் முடிந்ததும் விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று உச்சநீதிமன்றம் ஏற்றது. ஆனால் அவள் ஒருத்திக்காக மறுதேர்வு நடத்த ஆணையிடவில்லை. அநீதியை வேறெவ்வகையில் ஈடு செய்யலாம் என்று ஒரு வாரத்துக்குள் ஆராயும்படி தேர்வு முகமைக்குச் சொன்னது. அந்த ஒரு மணி நேரத்தைச் சலுகை என்று கருதியிருந்தால் அதற்கு ஈடு செய்ய வேண்டிய தேவையே எழுந்திராது. அவளுக்கு உரியது அவளிடமிருந்து எடுக்கப்பட்டது என்று கருதியதால்தான் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்தது. தேர்வறைகளில் கண்காணிப்பாளராக நிற்கும் நம்மில் எத்தனை பேர் அவ்விதியைப் படித்திருக்கிறோம் என்பதை அடுத்த தேர்வுக்கு முன்னர் நாமே கேட்டுக்கொள்வது நல்லது.