பார்வைக்குப் பதினாறு

சட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் நாடாளுமன்றத்திலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ தொடங்குவது வழக்கம். புகையிலையைச் சிறுவர்க்கு விற்றலாகாது என்னும் சட்டத்தின் வரலாற்றை மட்டும் கடைப்பலகையிலிருந்து தொடங்குவதே முறை என்று நமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அச்சட்டம் வெல்வதும் தோற்பதும் அங்கேதான். காசை நீட்டும் ஒரு கை, பொருளை எடுத்துத் தரும் மற்றொரு கை, இரண்டுக்கும் இடையே சில நொடிகள். அந்த நொடிகளுக்குள் கடைக்காரர் தம் எதிரில் நிற்பவரின் வயதை அறிந்தாக வேண்டும். எப்படி அறிவது? ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல நாட்டுச் சட்டங்கள் இக்கேள்விக்கு விடை தேடி அலைந்திருக்கின்றன. அவற்றுள் பிரிட்டனின் அலைச்சலையும் நம்முடையதையும் இங்கே பார்ப்போம்.

புகையிலை உலகெங்கும் பரவிய தொடக்க நூற்றாண்டுகளில் அதன் நன்மை தீமைகளைப் பற்றிய பேச்சு மிகுதியாக இருந்ததே தவிர, வாங்குபவரின் வயதைப் பற்றிய பேச்சு குறைவு. நம் சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' பாடிப் பழநி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பினார். போய்ச் சேரும் இடம் ஒரு பாலகனின் சந்நிதி என்பதில் அவருக்கு யாதொரு தயக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை!

வயது ஒரு சிக்கலாக மாறியதற்குக் காரணம் இயந்திரம். கையால் சுருட்டப்பட்டவரை சிகரெட் விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது. அமெரிக்கரான ஜேம்ஸ் பான்சாக் சிகரெட் சுருட்டும் இயந்திரத்துக்கு 1881இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் நிறுவனம் 1883இல் அதனைத் தன்வயமாக்கிக்கொண்டது. 1888இல் அந்நிறுவனம் 'உட்பைன்' என்னும் மலிவுச் சிகரெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு பென்னிக்கு ஐந்து. செய்தித்தாள் விற்கும் சிறுவனிடமும், ஆலையில் எடுபிடி வேலை செய்யும் சிறுவனிடமும் ஒரு பென்னி இருந்தது. அதுவரை புகைக்குழாயும் சுருட்டும் பெரியவர்களின் சட்டைப்பைக்குரியனவாக இருந்தன. ஒரு பென்னி உட்பைனோ சிறுவனின் சட்டைப்பைக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.

இதைக் கண்டு பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் அஞ்சியதற்குக் காரணம் புற்றுநோய் என்று இன்றைய வாசகர் நினைக்கக்கூடும். அன்று. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் விரிவான ஆய்வாக வெளியிட்டது 1950இல்தான். 1900களின் அச்சம் வேறு. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் படையில் சேர வந்த ஏழை இளைஞர் பலர் உடற்தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். இனம் நலிகிறதோ, பேரரசைக் காக்க ஆளில்லாமற் போகுமோ என்ற கவலையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. உடல் நலிவு பற்றி 1904இல் அறிக்கை தந்த அக்குழு, சிறுவர்க்குப் புகையிலை விற்பதைத் தடைசெய்ய வேண்டும் என்றது. ஆக, சிறுவனின் வாயிலிருந்து சிகரெட்டைப் பிடுங்க நீண்ட முதல் கை மருத்துவருடையதன்று. படைக்கு ஆள் திரட்டுபவருடையது. இருபது வயதுக்குட்பட்டோர் புகைப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஜப்பான் இதற்கு முன்பே, 1900இல், இயற்றியிருந்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

பிரிட்டனின் சட்டம் 1908இல் வந்தது. உள்துறையில் துணை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் சாமுவேல் முன்னின்று நிறைவேற்றிய 'சிறுவர் சட்டம்' அது. சிறுவர் நீதிமன்றம் முதல் குழந்தைக் கொடுமை வரை பலவற்றைப் பேசும் அந்தப் பெரிய சட்டத்தின் ஒரு சிறு பகுதி புகைத்தலைப் பற்றியது. 1909 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அப்பகுதியைப் படிப்பது ஒரு சிறுகதையைப் படிப்பது போன்றது. அக்காலச் சமூகம் முழுவதும் அதில் தலைகாட்டுகிறது.

விற்பனைப் பிரிவின் உயிர்ச்சொல் 'பார்வைக்கு' என்பது. பதினாறு வயதுக்குட்பட்டவர்க்குச் சிகரெட்டோ சிகரெட் தாளோ விற்கக்கூடாது என்று அச்சட்டம் சொல்லவில்லை; பார்வைக்குப் பதினாறு வயதுக்குட்பட்டவராகத் தோன்றுபவர்க்கு விற்கக்கூடாது என்றது. பிறப்புச் சான்றை யாரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியாத காலம். ஆகவே சட்டம் கடைக்காரரின் கண்ணை நம்பியது. முதல் முறை பிடிபட்டால் 2 பவுன் வரை தண்டம், இரண்டாம் முறை 5 பவுன், அதன் பின் 10 பவுன். சிறுவர் நிற்கும் பெட்டிக்கடையின் வருமானத்தை எண்ணினால் இது சிறு தொகையன்று.

வாங்குவது தனக்கா பிறர்க்கா என்பதைச் சிகரெட் விஷயத்தில் சட்டம் கேட்கவில்லை, யாருக்காயினும் விற்கக்கூடாது. ஆனால் சிகரெட் அல்லாத புகையிலைக்கு ஒரு வழிவிட்டது. அச்சிறுவன் தானே பயன்படுத்த வாங்குகிறான் என்று கருதக் காரணமில்லையானால் கடைக்காரர் மீது குற்றமில்லை. அதாவது, தந்தையின் புகைக்குழாய்க்குத் தூள் வாங்க வரும் மகனை விரட்ட வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவரின் வசதியில் கைவைக்கச் சட்டம் துணியவில்லை என்றே நாம் இதைப் படிக்கிறோம். சீருடை அணிந்த தூதுப் பையன்களுக்கும், புகையிலை வணிகரிடம் வேலை பார்க்கும் சிறுவர்க்கும் பணி நிமித்தம் விலக்கு இருந்தது. சிறுவனின் உடலைக் காக்க வந்த சட்டம், அவன் உழைப்பை நம்பி நடந்த தொழில்களுக்கு ஒதுங்கி வழிவிட்டது.

தெருவில் புகைக்கும் சிறுவனிடமிருந்து சிகரெட்டைப் பறிக்கக் காவலருக்கும், சீருடையில் இருக்கும் பூங்காக் காவலாளிக்கும் உரிமை தரப்பட்டது. பையனாக இருந்தால் சோதனையிடலாம். பெண்ணாக இருந்தால் கூடாது. தானியங்கி விற்பனைப் பெட்டிகளையும் சட்டம் மறக்கவில்லை. கண்ணில்லாத இயந்திரம் பார்வைக்கு வயதறிவது எங்ஙனம்? ஒரு பெட்டியைச் சிறுவர்கள் மிகுதியாகப் பயன்படுத்துவது தெரியவந்தால், தடுப்பு ஏற்பாடு செய்யவோ அகற்றவோ நீதிமன்றம் உரிமையாளருக்கு ஆணையிடலாம் என்றது. இங்கிலாந்தில் அந்தப் பெட்டிகள் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2011இல். நூறாண்டுக்கு மேல் அந்தக் குருட்டுக் கடைக்காரர் பிழைத்திருந்தார்.

'பார்வைக்கு' என்ற சொல் கடைக்காரர்க்குக் கேடயமாகவும் இருந்தது. 'பெரியவனாகத் தெரிந்தான்' என்றால் போதும். இன்று அந்நாட்டின் விற்பனைப் பிரிவில் அச்சொல் இல்லை. அதற்கு ஈடாக 1991ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு தற்காப்பை வைத்தது. இயன்ற முன்னெச்சரிக்கைகள் அனைத்தையும் எடுத்தேன், உரிய கவனம் முழுவதையும் செலுத்தினேன் என்று கடைக்காரர் மெய்ப்பித்தால் தப்பலாம். சிறு மாற்றம் போலத் தெரிகிறது, விளைவு பெரிது. தோற்றத்தைப் பற்றிய வாதம் போய், நடைமுறையைப் பற்றிய வாதம் வந்தது. பணியாளர்க்குப் பயிற்சி தந்ததற்குக் கையெழுத்துத் தாள், யாருக்கு எப்போது விற்க மறுத்தோம் என்று குறிக்கும் மறுப்பேடு, இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்கும் வழக்கம் ஆகியவையெல்லாம் கடைகளில் வேரூன்றின. கண் பிழைபடும் என்பதை ஒப்புக்கொண்டு, பிழைக்கு ஏழாண்டு இடம் விட்ட ஏற்பாடு அது. (வயதெல்லை பதினெட்டாக உயர்ந்தது 2007 அக்டோபரில். என்றும் பதினாறான மார்க்கண்டேயன் 1909இல் இலண்டனில் சிகரெட் வாங்கியிருக்கலாம். இப்போது எத்தனை யுகம் காத்திருந்தாலும் கிடைக்காது.) அதே 1991ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட்டைச் சில்லறையாகப் பிரித்து விற்பதையும் தடுத்தது. உட்பைன் கற்றுத்தந்த பாடத்தைச் சட்டம் படித்துக்கொள்ள ஒரு நூற்றாண்டு ஆயிற்று எனலாம்.

இனி நம் பக்கம் வருவோம். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் விரைவிலேயே இந்தியாவில் விழுந்தது. பஞ்சாப் 1918இலும் வங்காளம் 1919இலும் சிறுவர் புகைத்தலைத் தடுக்கும் சட்டங்களை இயற்றின. ஆயினும் நாடு முழுமைக்குமான தடை சுதந்திரத்துக்குப் பின் அரைநூற்றாண்டு கழித்தே வந்தது. 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்ட எவர்க்கும் விற்கலாகாது என்றது. கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் யாருக்குமே விற்கலாகாது என்றது. முதல் தடை 2004 மே மாதமும் இரண்டாவது அவ்வாண்டு டிசம்பரிலும் நடைமுறைக்கு வந்தன.

இங்கே 'பார்வைக்கு' இல்லை. 'தனக்கா பிறர்க்கா' என்ற பேச்சும் இல்லை. பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குப் புகையிலை வாங்கிவர அனுப்பப்படும் பேரனும் இச்சட்டத்தின் முன் வாங்குபவனே. இலண்டன் தந்தையின் புகைக்குழாய்க்குக் கிடைத்த சலுகை நம் பாட்டிக்குக் கிடைக்கவில்லை. அது சரியென்றே நாம் கருதுகிறோம். கடைக்குச் செல்லும் வழியைப் பிள்ளைக்குக் காட்டித் தருவது பெரும்பாலும் வீடுதான்.

2004ஆம் ஆண்டு விதிகள் கடையில் குறைந்தது 60க்கு 30 சென்டிமீட்டர் அளவில் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லின. வாங்கியவர் வயது குறைந்தவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை விற்றவர் தலையில் வைத்தன. 2011ஆம் ஆண்டு விதிகள் மேலும் சென்றன. ஐயம் எழுந்தால் வயதுச் சான்று கேட்கலாம். சிறுவர் கைக்கு எளிதில் எட்டுமாறு பரப்பி வைக்கக்கூடாது. தானியங்கிப் பெட்டியில் விற்கக்கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் புகையிலைப் பொருளைக் கையாளவோ விற்கவோ கூடாது. இந்தக் கடைசி விதிதான் நம் ஊர்ப் பெட்டிக்கடையை நேராகச் சென்று தொடுகிறது. அப்பா சாப்பிடப் போகும் நேரத்தில் பள்ளிச் சீருடையோடு கல்லாவில் அமரும் பிள்ளையை நாம் பார்க்காத தெரு உண்டா? 1908ஆம் ஆண்டுச் சட்டம் சீருடைப் பையனுக்கு விலக்களித்தது. நம் விதி அவனைக் கல்லாவிலிருந்தே எழுப்புகிறது.

எழுத்தில் நம் விதிகள் குறைந்தவை அல்ல. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆறாம் பிரிவை மீறினால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டம் 200 ரூபாய் வரை. அதே செயலை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்கீழ்க் கொண்டுசென்றால் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும். ஒரு சிகரெட்டைப் பிரித்து நீட்டிய அதே கை, ஒரு வழக்கில் தேநீர்ச் செலவோடு வீடு திரும்பலாம். இன்னொன்றில் பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை சிறையிலிருக்கலாம். எந்த ஏட்டின்கீழ் எழுதுவது என்பது வந்து நிற்கும் காவலரின் மனத்தைப் பொறுத்தது. இந்த நிலையில் கடைக்காரர் சட்டத்தை அறிந்துகொள்வதைவிடக் காவலரை அறிந்துகொள்வதே பயன் தரும் என்று முடிவு செய்தால் அவரை நொந்து பயனில்லை. உரிய கவனம் எடுத்தவரைக் காக்கும் வாசகமும் நம் சட்டத்தில் இல்லை. ஒழுங்காக மறுத்தவருக்கும் மறுக்காதவருக்கும் வேறுபாடு காட்ட வழியில்லை.

சில்லறை விற்பனை மற்றொன்று. பெட்டியின் மேல் பெரிய எச்சரிக்கைப் படம் இருக்கிறது. ஆனால் ஒற்றைச் சிகரெட் வாங்குபவர் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. மகாராட்டிரம் 2020இல் சில்லறை விற்பனையைத் தடைசெய்தது. நாடு முழுமைக்குமாக அப்படியொரு தடை ஏற்படாதவரை, பள்ளிப் பிள்ளையின் கைச்செலவுக் காசு ஒற்றைச் சிகரெட்டின் விலைக்குப் போதுமானதாகவே இருக்கும். 2017 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு மடல் எழுதியது. புகையிலை விற்போர்க்கு உள்ளாட்சி வழியாக உரிமம் தரலாம். அவ்வாறு உரிமம் பெற்ற கடையில் மிட்டாய், பிஸ்கட் போன்றவை விற்கப்படக்கூடாது என்பது அதன் சாரம். மிட்டாய்க் கண்ணாடிப் புட்டியும் சிகரெட் பெட்டியும் ஒரே பலகையில் நிற்கும் கடையே நம் வழக்கம் என்பதால், இந்த யோசனையின் கூர்மையும் அதனால் சிறு வணிகர்க்கு விளையும் வலியும் ஒருங்கே விளங்கும். வலியைக் கருதாமல் இதை வற்புறுத்துவது எளிது. மிட்டாயை இழந்தால் எஞ்சுவது எத்தனை ரூபாய் வியாபாரம் என்று கணக்கிட்டு ஈடுசெய்ய முன்வருவோர் அரிது. ஆனால் யார் யார் விற்கிறார்கள் என்ற பட்டியலே இல்லாமல் யாரைப் பயிற்றுவிப்பது, யாரைச் சோதிப்பது? பிரிட்டனில் திரும்பத் திரும்பச் சிறுவர்க்கு விற்பவரின் விற்பனை உரிமையை நீதிமன்றம் ஓராண்டு வரை நிறுத்தி வைக்கலாம். சிறை அச்சுறுத்தலைக் காட்டிலும் இது அளவானது, கடைக்காரர்க்கு நன்கு புரியக்கூடியது என்பது நம் எண்ணம்.

மின்சிகரெட்டைப் பொறுத்தவரை நம் நாட்டில் வயதுக் கேள்வியே எழவில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விற்பனையை எல்லார்க்கும் தடைசெய்துவிட்டது.

அண்மைக் காலத்தில் கேள்வியே மாறத் தொடங்கியிருக்கிறது. குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் பிறந்தவர்க்கு என்றுமே புகையிலை விற்பதில்லை என்று நியூசிலாந்து 2022இல் சட்டம் இயற்றியது. ஆட்சி மாறியபின் 2024இல் அதை நீக்கிவிட்டது. நம் அண்டையிலுள்ள மாலத்தீவு 2025 நவம்பர் முதல் நாளிலிருந்து, 2007 சனவரி முதல் நாளிலோ அதன் பின்னரோ பிறந்தவர்க்கு விற்பதைத் தடைசெய்திருக்கிறது. அங்கே கடைக்காரர் இனி வயதைக் கணக்கிட வேண்டியதில்லை, பிறந்த ஆண்டைப் பார்த்தால் போதும். ஆனால் அதைப் பார்ப்பதற்கும் அட்டையைக் கேட்டாக வேண்டும். வாடிக்கையாக வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும்.