ஒரே ஒரு நாள் வித்தியாசம்!

ஜவ்வாது மலையடிவாரம், கண்ணமங்கலம். அங்கே ஓர் அரசுப் பள்ளியில் இரண்டு வாத்தியார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 31.3.2003-ல் வேலைக்குச் சேர்ந்தவர். ஆயுள் முழுக்க பென்ஷன், அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப பென்ஷன். இன்னொருவர் சேர்ந்தது மறுநாள். ‘சம்பளத்தில் 10 சதவிகிதம் பிடிப்போம், நாங்களும் அதே அளவு போடுவோம், பழைய பென்ஷன் கிடையாது’ என்றது அரசு!

தேதியால் கோடு போடும் இந்த வித்தை பழசு. 1979-ல் மத்திய அரசு பென்ஷனைத் தாராளமாக உயர்த்தியது, அந்த மார்ச் 31-க்கு முன்பே ஓய்வு பெற்றவர்களை விட்டுவிட்டு! 1972-ல் ராணுவ அமைச்சகத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த டி.எஸ்.நகரா சும்மா இருப்பாரா? சுப்ரீம் கோர்ட் படியேறினார். 17.12.1982 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தக் கோட்டை அழித்தார்கள். பென்ஷன் எஜமான் பார்த்துப் போடும் பிச்சையல்ல, உழைத்தவன் உரிமை என்றது தீர்ப்பு. இன்றும் டிசம்பர் 17-தான் பென்ஷனர்கள் தினம்.

சரி, 2003-ல் நகரா தீர்ப்பு என்ன ஆச்சு? அது ஓய்வு பெற்றவர்களுக்கு நடுவே போட்ட கோட்டைத்தான் அழித்தது. தமிழக அரசோ கோட்டை வாசலிலேயே, வேலைக்குச் சேரும் நாளிலேயே போட்டுவிட்டது. கெட்டிக்காரத்தனம்! சலுகைப் பறிப்பை எதிர்த்து ஜூலையில் ஸ்டிரைக், சுமார் 1.7 லட்சம் பேர் டிஸ்மிஸ். ஆகஸ்ட் 6-ல், ‘ஸ்டிரைக் செய்ய உரிமையில்லை’ என்றது சுப்ரீம் கோர்ட். மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புது பென்ஷன் அரசாணையில் இருந்த தேதியும் அதே ஆகஸ்ட் 6.