உஸ்புர்: குங்குமப்பூ என்ற பெயரில் விற்கப்படும் பூ

மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் வீட்டில் புள்ளத்தாச்சி இருந்தால், "குங்குமப்பூ வாங்கிட்டு வாங்க மகன், பாலுல போட்டுக் குடுக்கணும்" என்று உம்மம்மாமார் சொல்வார்கள். ஆனால் மலிவு விலைப் பொதியில் பல வேளை இருப்பது குங்குமப்பூ அல்ல, குசும்பாப்பூ. உலகச் சந்தைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் கலப்படம் இது.

குசும்பா நமக்குப் புதியதல்ல. அரபியில் பூவுக்கு உஸ்புர், செடிக்கும் விதைக்கும் குர்தும் என்று பெயர். கார்த்தமஸ் என்ற தாவரவியல் பெயரே குர்தும் என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான். உஸ்புர் சாயமிட்ட இரண்டு ஆடைகளை அணிந்திருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. 1037இல் மறைந்த இப்னு சீனா தமது 'அல்-கானூன்' நூலில் குர்துமை மருந்துகளின் வரிசையில் சேர்த்தார்.

இது நம் மண்ணின் பயிரல்ல, கடல்வழி வந்த சரக்கு. நமது கொட்டியாரக் குடாவும் அத்தகைய வணிகம் கண்ட இடந்தான். 1659இல் மசூலிப்பட்டினத்தில் புயலால் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், மரத்தைச் செப்பனிடவும் துணி விற்கவும் இங்கேதான் வந்தது. அதில் வந்த ரொபர்ட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டது 1660இல்.

இனி பூவுக்குள் இருப்பதைப் பார்ப்போம். அதன் மஞ்சள் நிறமிகள் தண்ணீரில் கரையும், கார்த்தமின் என்ற சிவப்பு நிறமி கரையாது. ஆகவே சாயக்காரர் முதலில் மஞ்சளை அலசி நீக்குவர். பிறகு சாம்பற்காரத்தில் சிவப்பைக் கரைத்து, புளிப்புச் சேர்த்துத் துணியில் படியவைப்பர். மஞ்சள் நிறமிகளுள் ஒன்றான ஹைட்ரொக்ஸி சப்ளோர் யெலோ ஏ, இரத்தம் உறைவதைக் குறைக்குமா என்று இன்று ஆராயப்படுகிறது. விதை எண்ணெயில் லினோலெயிக் அமிலம் மிகுதி.

சிக்கலும் இங்கேதான். சீன மருத்துவம் இப்பூவை இரத்த ஓட்டத்தைத் தூண்டவும், தடைப்பட்ட மாதவிடாயை வரவைக்கவும் கொடுக்கிறது. அதனாலேயே கர்ப்பிணிகளுக்கு அதை விலக்குகிறது. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்போரும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது.

வேறுபாட்டைக் கண்டறிவது கடினமல்ல. அசல் குங்குமப்பூ இழையின் ஒரு முனை ஊதுகுழல்போல் விரிந்திருக்கும், மணமும் தனி. குசும்பா இதழ் மெல்லிய குழாய்போல் இருக்கும், நுனி பிளந்திருக்கும், அந்த மணம் வராது. தண்ணீர் மஞ்சளாவதை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டுமே மஞ்சளாக்கும்.

உஸ்புரில் குற்றமில்லை. அதன் பெயரை மறைத்து விற்பதே குற்றம். உம்மம்மாவின் அன்பு பாலில் கலக்கும் முன், பொதியைப் பிரித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.