சத்திரத்து நள்ளிரவு மணி

போன மாசம் ஒரு வேலையாகத் தஞ்சாவூர் போயிருந்தேன். பஸ் லேட். லாட்ஜுக்குள் நுழையும்போது ராத்திரி பதினொன்றரை. சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். "கிச்சன் பத்தரைக்கே மூடியாச்சு சார்" என்றார் கவுண்ட்டரில் இருந்த தம்பி. ரூமில் ஏசி, டிவி, வைஃபை எல்லாம் இருந்தது. பையில் கிடந்த பிஸ்கட்டைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். மெத்தை மெத்தென்றுதான் இருந்தது, தூக்கம்தான் வரவில்லை.

அந்த ஊரில் பசியோடு படுத்ததாலோ என்னவோ, 1801ல் அங்கிருந்து எழுதப்பட்ட ஒரு கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. எழுதியவர் இரண்டாம் சரபோஜி. எழுதப்பட்டது, தஞ்சையில் இருந்த கம்பெனியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு. சரபோஜி என்றாலே நமக்கு சரஸ்வதி மகால் நூலகம்தான் நினைவுக்கு வரும். இந்தக் கடிதத்தில் புத்தகப் பேச்சு இல்லை. முழுக்க முழுக்கச் சத்திரங்களைப் பற்றியது.

பின்னணி தெரிந்தால்தான் கடிதத்தின் கனம் புரியும். 1799ல் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம். ராஜ்ஜியம் கைவிட்டுப் போனது. ராஜாவுக்கு மிஞ்சியது கோட்டை, கொஞ்சம் சுற்றுப்புறம், ஆண்டுக்கு ஒரு தொகை. ஆனால் ராமேஸ்வரம் போகும் பாதையில் அவருடைய முன்னோர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டி, அவற்றுக்கென்று நிலங்களை எழுதி வைத்திருந்தார்கள். நாடு போன கையோடு அதுவும் போய்விடுமோ என்ற பயம். அதனால்தான் இந்தச் சத்திரங்களில் என்னதான் நடக்கிறது என்று ரெசிடெண்டுக்கு விளக்கி எழுதுகிறார்.

அதில் ஒரு விவரம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். சாப்பாடு போடுவது நடுராத்திரி வரை நடக்கும். நடுராத்திரியில் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிட்டுப் போகவேண்டும். அந்த மணிச் சத்தத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். நாள் முழுக்க நடந்து வந்தவன், நேரம் தப்பி வந்துவிட்டோமே, இனி யாரை எழுப்பிக் கேட்பது என்று திண்ணையில் துண்டை விரித்துச் சுருண்டிருப்பான். அவன் வாய் திறந்து கேட்கவே வேண்டாம். என் லாட்ஜில் இல்லாமல் போனது இதுதான்.

இன்னும் இருக்கிறது. பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு என்கிறார். யோகிகள், ஜங்கமர், வைராகிகள் என்று வடக்கிலிருந்து வருபவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் மசாலா சாமான்களுமாகக் கொடுத்துவிடுவார்கள், அவர்களே பொங்கிக்கொள்ளலாம். இதன் பின்னால் சாதி ஆசாரம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. காசியிலிருந்து மாசக்கணக்கில் நடந்து வருகிறவனுக்கு, தன் கைப்பக்குவத்தில் தன் ருசிக்கு ஒருவேளை பொங்கித் தின்பதைவிட வேறென்ன சௌகரியம்? வெளியூரில் ரெண்டு மாசம் மெஸ் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பது நம்மூர்ப் பழமொழி. சத்திரத்தில் அந்தக் கணக்கு இல்லை. காய்ச்சலில் விழுந்தவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும், குணமாகும்வரை மரியாதையான கவனிப்பும் உண்டு. வைத்தியர்கள் அங்கேயே இருப்பார்கள், விஷக்கடி பார்ப்பவர் உட்பட. பள்ளிக்கூட வாத்தியாரும் உண்டு. வழியில் பெற்றவர்கள் இறந்துபோய்ப் பிள்ளைகள் தனித்து நின்றால், அவர் பொறுப்பில் விடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். யாரோ பெற்ற பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும் நாளைக்கூட ஒருத்தர் கணக்கு வைத்திருக்கிறார்!

இதையெல்லாம் அப்படியே நம்பலாமா? இது மனு. சொத்தைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறவர் குறைகளை எழுதமாட்டார். ஒவ்வொரு சத்திரத்திலும் தினமும் இப்படியே நடந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனாலும், ராஜ்ஜியம் இழந்த ஒருவர், தன் பெருமை எதில் இருக்கிறது என்று வெள்ளைக்காரனிடம் சொல்ல எதை எடுத்துக்கொண்டார் பாருங்கள். படையைச் சொல்லவில்லை, கோட்டையைச் சொல்லவில்லை. வழியில் போகிறவனுக்குச் சோறு போடும் நாடு, தர்மராஜ்யம் என்று பேர் வாங்கிய நாடு என்கிறார்.

இந்தச் சத்திரங்களில் பலவற்றுக்குப் பெண்கள் பெயர்தான். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள். முக்தாம்பாள் சத்திரம் 1802ல், கடிதம் எழுதிய அடுத்த வருஷம், சரபோஜியே கட்டியது. முக்தாம்பாள் அவருக்குப் பிரியமானவர்; பிள்ளைப்பேற்றில் இறக்கும் தறுவாயில் தன் பேரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று கேட்டார் என்பது அந்தப் பக்கம் சொல்லும் கதை.

கேட்டதும் எனக்குச் சுமைதாங்கிக் கல்தான் நினைவுக்கு வந்தது. ரெண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் பாரத்தை இறக்கி வைக்கவும், திரும்பத் தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது நம் வழக்கம். சுமை இறங்காமலே போனவளுக்காக, மற்றவர்கள் சுமை இறக்க ஓர் இடம். ராஜா வீட்டில் அது சத்திரமானது, குடியானவர் வீட்டில் ஒரு கல்லானது.

ஒரத்தநாட்டுக் கட்டடத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். அடித்தளத்தில் கல்லில் யானைகளும் குதிரைகளும் முன்னால் இழுக்க, ஒரு பகுதி ரதம் மாதிரியே நிற்கும். பிரயாணம் நின்று இளைப்பாறும் இடத்தை ஓடும் தேராகச் செய்திருக்கிறார்கள்.

அப்புறம் 1861ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. நாலு நாள் நடை அரை நாள் பயணமாகச் சுருங்கினால், நடுவழியில் ராத்தங்கல் எதற்கு? 1855ல் சமஸ்தானமும் முடிந்துபோயிருந்தது. சத்திரங்கள் சர்க்கார் கைக்குப் போயின. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் அவை மாணவர் விடுதிகளாயின.

அங்கேதான் எனக்கு வருத்தமான விஷயம். பிராமணர் முதல் பறையர் வரை என்று 1801ல் எழுதிய அதே அறத்தின் பணத்தில் நடந்த விடுதிகளில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடம் கிடைத்தது பிராமணப் பையன்களுக்கு மட்டும். நடுராத்திரியில் மணி அடித்துக் கூப்பிட்ட வாசல், பட்டப்பகலில் ஆள் பார்த்துத் திறந்தது. ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சை ஜில்லா போர்டு தலைவராக வந்தபிறகுதான் அதை உடைத்து, எல்லா சாதிப் பிள்ளைகளையும் சேர்க்க வைத்தார். அந்த விடுதிகளில் தங்கிப் படித்த முதல் தலைமுறைக்காரர்கள் யாராவது, அங்கே கழிந்த முதல் ராத்திரியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுத் தாத்தா யாராவது சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.