பேரனின் கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தேன்

சென்ற மாதம் மின்னணுக் கழிவு சேகரிப்பதற்காக நம் லிஃப்ட் பக்கத்தில் வைத்திருந்த அட்டைப் பெட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய சார்ஜர்களுக்கு நடுவே மூன்று வீடியோ கேம் கன்ட்ரோலர்கள் கிடந்தன. அதில் ஒன்று எங்கள் வீட்டுடையது. வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. "தானா நடக்குறான் தாத்தா" என்றான் பேரன். யாரும் தொடாமலே திரையில் நிற்கிற ஆள் இடது பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தான். ஆறாயிரம் ரூபாய்ச் சாமான். முப்பத்தைந்து வருடம் பேங்க்கில் பற்றும் வரவும் எழுதிய எனக்கு அதைப் பெட்டியில் விட மனம் வரவில்லை. எடுத்து வந்து திறந்தேன்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இந்தக் கோளாறு எல்லோருக்கும் பொது.

திருகுகளைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. இரண்டு கண்ணுக்குத் தெரிந்தன. மற்ற இரண்டும் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே ஒளிந்திருந்தன. அவற்றைக் கழற்றிய பிறகும் ஓடு பிரியவில்லை, உள்ளே கொக்கிகள். பழைய ஏ.டி.எம் கார்டை இடுக்கில் விட்டு நெம்பினேன். பட்டென்று திறந்தது. அந்த வேகத்தில் உள்ளே இருந்த மெல்லிய ரிப்பன் கேபிள் ஒன்றும் பிய்ந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கட்டைவிரலால் தள்ளுகிற குச்சிக்கு அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? நம் பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல்! வால்யூமைத் திருகினால் கரகரவென்று சத்தம் வருமே, நினைவிருக்கிறதா? உள்ளே ஒரு கார்பன் பட்டை, அதன்மேல் உரசிக்கொண்டே நகரும் ஒரு உலோக முனை. பட்டை தேய்ந்தால் ரேடியோ கரகரக்கும். கன்ட்ரோலரில் அதே பொருள் ஒரு குச்சிக்கு இரண்டு வீதம் இருக்கிறது, இட வலத்துக்கு ஒன்று, மேல் கீழுக்கு ஒன்று. தேய்ந்தால் ஆள் தானாக நடப்பான். ஆங்கிலத்தில் இதை டிரிஃப்ட் என்கிறார்கள்.

ரேடியோக்காரர் பழைய வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றிப் புதியதைப் போட்டுத் தருவார். அதற்கு மூன்று கால்தான். இங்கே ஒரு குச்சிக்கு மொத்தம் 14 கால்கள், எல்லாமே போர்டில் சால்டரிங் செய்யப்பட்டவை. புதிய குச்சியின் விலை நூறு ரூபாய்கூட இல்லை. ஆனால் 14 இடத்திலும் ஈயத்தை உறிஞ்சி எடுத்தால்தான் பழையது வெளியே வரும்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1977-இல் அமெரிக்காவில் வந்த அட்டாரி கேமின் கைப்பிடிக்கு அடிப்பக்கம் நான்கு திருகு. கழற்றினால் ஒரு சிறு போர்டு, அதில் ஐந்து தொடுமுனைகள்: நான்கு திசைக்கு நான்கு, சுடுவதற்கு ஒன்று. 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ ஃபேமிகாம் வந்தது. குச்சிக்குப் பதில் கூட்டல் குறி போன்ற பட்டன். 90-களில் நம் வீடுகளில் டி.வி.யோடு இணைத்து 'கேசட்' போட்டு விளையாடினார்களே, அவற்றில் பல இதன் நகல்கள்தான். பட்டனுக்கு அடியில் ரப்பர், ரப்பரில் கார்பன் பொட்டு. டி.வி. ரிமோட்டில் இருப்பதும் இதே அமைப்பு. பொட்டு தேய்ந்தால் சிகரெட் டப்பாவின் வெள்ளித் தாளை வெட்டி ஒட்டுவோம். என் மகனுடைய டி.வி. கேமுக்கும் அப்படி ஒட்டியிருக்கிறேன். (சிகரெட் பக்கத்து வீட்டுக்காரருடையது, டப்பா மட்டும்தான் என்னுடையது.)

குச்சி திரும்பி வந்தது முப்பரிமாண விளையாட்டுகளோடு. 1996-இல் நிண்டெண்டோ 64, அடுத்த வருடம் சோனியின் இரட்டைக் குச்சி. நிண்டெண்டோ 64-இல் திசையை அறிய ஒளியைப் பயன்படுத்தினார்கள், ஆனால் குச்சி உட்காரும் பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்து குச்சி தொளதொளத்துப் போகும்.

என்னை ஆச்சரியப்படுத்தியது 1998-இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட். அதன் குச்சியில் உரசலே கிடையாது. சிறு காந்தம் நகரும், அதன் புலத்தை ஒரு சென்சார் உணரும். எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் 1879-இலேயே கண்டுபிடித்த விளைவு இது. உரசல் இல்லாததால் அந்த இடத்தில் தேய்வதற்கு எதுவும் இல்லை. ஆக, வழி தெரியாமல் கார்பன் பட்டையை வைக்கவில்லை. 2001-இல் சேகா இந்த வியாபாரத்தையே விட்டது. பெரிய கம்பெனிகளின் சாதாரண கன்ட்ரோலர்களில் மலிவான கார்பன் பட்டையே தங்கிவிட்டது.

2021-இல் ஐஃபிக்ஸிட் என்ற அமெரிக்க நிறுவனம், சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரைப் பிரித்துக் கணக்குப் போட்டது. அந்தக் குச்சியின் பாகம் 20 லட்சம் சுழற்சிக்குத்தான் உத்தரவாதமானது. வேகமான சுடும் விளையாட்டு என்றால் 417 மணி நேரத்தில் அந்த அளவைத் தாண்டிவிடலாம் என்றார்கள். தினம் இரண்டு மணி நேரம் என்று நான் வகுத்துப் பார்த்தேன், ஏழு மாதம்! 2023-இல் சோனியே கழற்றி மாட்டும் குச்சியுடன் ஒரு கன்ட்ரோலரை விட்டது. குச்சி மட்டும் வேண்டுமென்றால் 20 டாலர். கன்ட்ரோலர் 200 டாலர், சாதாரணதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பழுது பார்க்கும் வசதியை ஆடம்பரப் பொருளாக்கி விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே வருடம் நிண்டெண்டோ, தன் ஸ்விட்ச் கன்ட்ரோலர்களின் டிரிஃப்ட்டை வாரண்டி முடிந்திருந்தாலும் ஐரோப்பாவில் இலவசமாகச் சரிசெய்து தர ஒப்புக்கொண்டது. அங்கே நுகர்வோர் அமைப்புகள் விடாமல் புகார் கொடுத்திருந்தன.

நம் நாட்டிலும் அசைவு தெரிகிறது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக நிதி கரே தலைமையில் ஒரு குழு அமைத்தது. எடுத்துக்கொண்டவை நான்கு: விவசாயக் கருவிகள், செல்போன் வகைகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் டிராக்டர் வைத்திருக்கும் உறவினர்களிடம் கேட்டால் முதலாவது ஏன் என்று சொல்வார்கள். அந்த வருடமே டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்களை ஓரிடத்தில் தரும் இணையதளமும் வந்தது. பிரான்சில் 2021 முதல் சில பொருட்களின் விலைச் சீட்டோடு 10-க்கு எத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண்ணும் போட வேண்டும். அதுபோல் இங்கும் கொண்டுவர, பரத் கேரா தலைமையிலான குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. முதலில் ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும். கன்ட்ரோலருக்கு இப்போதைக்கு இல்லை.

அதனால் நானே மதிப்பெண் போட்டேன். சாதாரண ஸ்குரூ டிரைவர் போதும் என்பதற்கு 2. பேட்டரி சொருகி எடுக்கும்படி இருந்ததற்கு 2. ஒளித்து வைத்த திருகுக்கு பூஜ்யம், 14 கால் சால்டரிங்குக்கும் பூஜ்யம். எப்படிப் பிரிப்பது என்று டப்பாவோடு வந்த காகிதத்தில் ஒரு வரி இல்லை, அதற்கும் பூஜ்யம். மொத்தம் பத்துக்கு நான்கு.

சால்டரிங் எனக்குக் கைவராது. பிரித்த நிலையிலேயே ஒரு டிபன் பாக்ஸில் போட்டு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சிறு கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி பூதக்கண்ணாடியை இழுத்துவிட்டு இருபது நிமிடத்தில் குச்சியை மாற்றினார். கூலியும் சேர்த்து 350 ரூபாய். "சார், குச்சி ஒண்ணும் பெரிய வேலை இல்ல. இந்த ரிப்பனை யாரு பிச்சது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்த ரிப்பன் அவரிடம் இல்லை.

ஆள் இப்போது சொன்ன இடத்தில் நிற்கிறான். சார்ஜ் ஏறுகிறது, ஆனால் ஏறுகிறதா என்று காட்டும் விளக்கு எரிவதில்லை. பெட்டியில் கிடந்த மற்ற இரண்டு கன்ட்ரோலர்களும் என் அலமாரியில் இருக்கின்றன. யாருடையவை என்று சொன்னால், திறக்காமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோகிறேன்.