சேர்வராயன் மலையில் ஒரு முக்காலி

எட்கர் தர்ஸ்டன் ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றைப் படமெடுக்க முக்காலியை ஊன்றியபோது ஊர்க்காரர்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அது படம் பிடிக்கிற பெட்டி என்று அவர்கள் நினைக்கவில்லை. நிலம் அளக்கும் கருவி என்று நினைத்தார்கள். வந்திருப்பவர் நிலவரி நிர்ணயிக்கும் செட்டில்மெண்ட் துரை, நம் நிலத்தைச் சர்க்கார் பெயருக்கு எழுதிக்கொண்டு நம்மை அந்தமானுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஒருவர் தர்ஸ்டன் முகத்துக்கு நேரே, உன் அளவுகோலுக்கு உட்படுவதைவிட என் கழுத்தை அறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஓடியே போனார். பெண்கள் கடைசிவரை அளக்கச் சம்மதிக்கவில்லை. கண்ணேறு பட்டுவிடும் என்று குழந்தைகளையும் கொண்டுவரவில்லை. பித்தளை, செம்பு நகைகளை விற்கத் தயாராக இருந்தவர்கள் தங்கத்தையும் வெள்ளியையும் கண்ணில்கூடக் காட்டவில்லை. காட்டினால், வசதியாகத்தான் இருக்கிறார்கள் என்று எழுதி வரியை ஏற்றிவிட மாட்டார்களா?

இதையெல்லாம் எழுதி வைத்திருப்பது தர்ஸ்டனேதான். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த ‘காஸ்ட்ஸ் அண்ட் ட்ரைப்ஸ் ஆஃப் சதர்ன் இந்தியா’வின் நான்காம் தொகுதியில் இருக்கிறது. மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன், ஜவ்வாது மலைகளில் வாழும் தமிழ் பேசும் மக்களின் பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவரின் வழிவந்தவர்கள், மூத்தவர் சேர்வராயனில் தங்கினார் என்பது அவர்கள் சொல்லும் கதை.

தர்ஸ்டன் நகைச்சுவையாக எழுதக்கூடியவர். மலையாளிகளைச் சந்தேகப் பிராணிகள், மூடநம்பிக்கைக்காரர்கள் என்ற தொனியில்தான் கதையைச் சொல்கிறார். இந்தத் தொனி எனக்கு முதல் வாசிப்பிலேயே உறுத்தியது. ஏனென்றால் அந்த ஊர்க்காரர்கள் சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒரு நிலஅளவைக்காரன் எப்படி வருவான்? மூன்று கால் வைத்த ஒரு தாங்கி. அதன் மேல் கண்ணாடி பொருத்திய ஒரு கருவி. பின்னால் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் ஒரு துரை. பெட்டி தூக்க நாலு ஆள். புகைப்படக்காரனும் அச்சு அசலாக இப்படித்தான் வருவான். தியோடலைட்டையும் கேமராவையும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல மலையாளிக்கு எந்த முகாந்திரமும் இல்லை. அந்த மலையில் அதற்குமுன் வந்த கருவிகள் என்ன செய்தன என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் காப்பி நட ஆரம்பித்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளுக்கு நடுவே எஸ்டேட் வேலிகள் வந்துவிட்டன, நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்களில் பலர் அந்த வேலிக்குள்ளேயே கூலிக்குப் போனார்கள். அந்தமான் பயமும் கற்பனை இல்லை. 1858லிருந்து கைதிகளை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள், 1896இல் செல்லுலார் சிறையைக் கட்டத் தொடங்கினார்கள்.

தர்ஸ்டன் யார்? 1855இல் லண்டனை ஒட்டிய கியூவில் பிறந்தவர். ஈட்டனில் படித்து, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர். 1885இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்து 1908 வரை இருந்தார். ராமேஸ்வரம் கடலில் முத்துச்சிப்பியும் பவளமும் தேடினார், பழைய நாணயங்களைப் பட்டியலிட்டார், 1890களில் மனிதர்கள் பக்கம் திரும்பினார். மீனை ஜாடியில் போட்ட அதே எழும்பூர்க் கட்டடத்தில் மனிதத் தலைகளை அளக்கும் ஓர் ஆய்வகமும் வந்தது. அவர் ஓர் ஆசிரியரும்கூட. மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் எடுத்தார். சென்னைப் போலீஸ்காரர்களுக்கு அருங்காட்சியகத்திலேயே உடல் அளவை வகுப்பு நடத்தினார். சேர்வராயன் மலையாளிகளைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை அருங்காட்சியக புல்லட்டினில் வந்தபோது, அதே இதழில் மானுடவியல் செய்முறை வகுப்புக்கான பாடத்திட்டமும் அச்சாகியிருந்தது. மலையில் எடுத்தது நேரே வகுப்பறைக்கு வந்தது.

போலீஸ்காரர்களுக்கு எதற்கு மானுடவியல்? அதற்குப் பாரிஸ் போக வேண்டும். அங்கே போலீஸில் குமாஸ்தாவாக இருந்த அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் 1880களில், பிடிபட்டவர்களின் தலை நீளம், கை நீளம், பாத நீளம் எல்லாவற்றையும் அளந்து அட்டையில் எழுதி, கூடவே ஒரு நேர்முகப் படம், ஒரு பக்கவாட்டுப் படம் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். மறுபடி பிடிபட்டால் பெயரை மாற்றிச் சொல்லித் தப்ப முடியாது. இன்றைக்கும் ஸ்டேஷனில் எடுக்கும் படம் அந்த இரண்டு கோணங்கள்தான். மானுடவியலாளர்களும் முகத்தை இதே இரண்டு கோணங்களில்தான் எடுத்தார்கள். குற்றவாளிக்கும் பழங்குடிக்கும் ஒரே போஸ். அளவெடுக்கும் முறை சீக்கிரமே காலாவதியானது. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியபின் பத்து விரல் போதும் என்றாகிவிட்டது. படம் மட்டும் தங்கிவிட்டது.

தர்ஸ்டனை மக்கள் எப்படியெல்லாம் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அவருடைய முன்னுரையில் ஒரு பட்டியலே இருக்கிறது. வயநாட்டில் பணியர் பெண்கள், தங்களில் நல்ல உருப்படியாகப் பார்த்து பாடம் பண்ணி மியூசியத்தில் நிறுத்தப்போகிறார் என்று ஓடினார்கள். நீலகிரியில் பழைய வழக்கொன்றில் போலீஸ் தேடிக்கொண்டிருந்த இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அருகில் வர மறுத்தார். மைசூர்ப் பக்கம் தென்னாப்பிரிக்காவுக்கு ஆள் பிடிக்க வந்தவர் என்று ஊர் ஊராகக் காலி செய்தார்கள். ஒட்டர்களுக்குப் போயன் என்றொரு பட்டம் உண்டு. போயர் யுத்தம் முடிந்த நேரம், செத்துப்போன போயர்களுக்குப் பதிலாகப் போயன்களைக் கொண்டுபோகிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. மூக்கின் வேரைக் குறிக்க அவர் நெற்றியில் வைத்த வெள்ளைப் பெயிண்ட் பொட்டு, பிறகு கொப்பளித்து நம்பராக மாறும், அந்த நம்பரை வைத்து ஆளைக் கடத்துவார்கள் என்று நம்பினார்கள்.

இந்தக் கடைசி வதந்தி எனக்கு மிகவும் பிடித்தது. நான் சாஃப்ட்வேர் ஆள். முகத்தைச் சில புள்ளிகளாகக் குறித்து, புள்ளிகளுக்கிடையே உள்ள தூரங்களை எண்களாக்கி, அந்த எண்களால் ஆளை அடையாளம் காணும் நிரல்களோடு புழங்கியிருக்கிறேன். நெற்றிப் பொட்டு நம்பராகும் என்று சொன்ன மனிதர் யாரென்று தெரியாது. ஆனால் மூக்கின் வேரில் புள்ளி வைப்பது எதற்கு என்று அவர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்!

அந்தப் புள்ளி உண்மையில் மூக்கு அளவுக்காக. மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது நாசிக் குறியீடு. வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலம் கூடக் கூட சாதி அந்தஸ்து குறைகிறது என்று 1891இல் அறிவித்திருந்தார். சாதி என்பது இனம், இனம் மூக்கில் தெரியும் என்பது வாதம். 1901இல் இந்தியா முழுக்க இனவரைவியல் கணக்கெடுப்பு தொடங்கியபோது அதன் தலைவர் ரிஸ்லி, சென்னை மாகாணத்துக்குப் பொறுப்பு தர்ஸ்டன். இந்த அறிவியல் இன்று நிற்காது. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று அதன் தரவிலேயே இருக்கிறது. ஒரு சமூகத்துக்குச் சில பத்துப் பேரை அளந்து சராசரி போடுகிறார்கள். சேர்வராயனில் பெண்கள் வரவில்லை, குழந்தைகள் வரவில்லை, கோபக்காரர் ஓடிவிட்டார். ஆக அச்சில் இருப்பது மலையாளிகளின் சராசரி அல்ல, ஓடாமல் நின்ற மலையாளி ஆண்களின் சராசரி. எங்கள் ஆபீஸில் ஒருத்தர் இப்படி ஒரு டேட்டாவைக் கொண்டுவந்தால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம்.

சென்னையில் புகைப்படமும் வகுப்பறையும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டித்தான் வளர்ந்தன. 1850இல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி, 1856இல் உருவான மெட்ராஸ் புகைப்படச் சங்கம், அரசுப் புகைப்படக்காரராக ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தையும் எடுத்த லின்னேயஸ் ட்ரைப், அவரிடம் உதவியாளராகத் தொழில் கற்றுக் கலைப்பள்ளிப் புகைப்படக்காரரான ஐயாசாமி என்று ஒரு சங்கிலி போகிறது. நீலகிரித் தொதவர், கோத்தர் படங்களோடு 1873இல் வந்த பிரீக்ஸ் நூலுக்குப் படம் தந்ததும் இதே கலைப்பள்ளிதான். ஐயாசாமியைப் பற்றி எழுத வேண்டும் என்றால் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

எனக்கு இந்தக் கதையில் தர்ஸ்டனைவிட அவருக்குப் பின்னால் நின்றவர் மேல்தான் ஆர்வம் அதிகம். ஏழு தொகுதிகளின் தலைப்புப் பக்கத்தில் தர்ஸ்டன் பெயருக்குக் கீழே, உதவி: கே. ரங்காச்சாரி, எம்.ஏ. என்று இருக்கும். கடாம்பி ரங்காச்சாரி. 1868இல் பிறந்தவர், அருங்காட்சியகத்தில் தர்ஸ்டனிடம் வேலை பார்த்தவர். 1906இல் தர்ஸ்டன் வெளியிட்ட ‘எத்னோகிராஃபிக் நோட்ஸ் இன் சதர்ன் இந்தியா’வின் படங்களில் பெரும்பாலானவை ரங்காச்சாரி கொடுத்தவை. நாம் தர்ஸ்டன் படம் என்று இணையத்தில் பகிர்வதில் கணிசமானவற்றுக்குக் கேமரா பிடித்தது ஒரு தமிழ் பேசும் ஐயங்கார். இதை யோசிக்கும்போது படங்களே கொஞ்சம் மாறிவிடுகின்றன. துரையும் சுதேசியும் என்று இரண்டே பேராக வைத்து நாம் கோபப்படும் காட்சிக்குள் மூன்றாவதாக ஒருத்தர் வந்து நிற்கிறார். எதிரில் இருப்பவரிடம் பயப்படாதே, அப்படியே நில்லு, இங்கே பாரு என்று அவருடைய மொழியிலேயே சொல்லக்கூடியவர். அவருக்கும் எதிரில் நிற்பவருக்கும் நடுவே சாதி என்ற இன்னொரு முக்காலி ஊன்றியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ரங்காச்சாரி எம்.ஏ. மட்டும் அல்ல, எல்.டி.யும் முடித்தவர். அதாவது முறையாக ஆசிரியப் பயிற்சி பெற்றவர். பின்னாளில் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர் ஆனார், ராய் பகதூர் பட்டமும் வந்தது. இந்திய மாணவர்களுக்கென்று தாவரவியல் பாடநூல் எழுதினார். 1921இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட அவருடைய தென்னிந்தியப் புற்கள் கையேடு இன்றும் தாவரவியல்காரர்கள் புரட்டும் புத்தகம். மாட்டுத் தீவனத்துக்கு எந்தப் புல் நல்லது, எது எந்த மண்ணில் வரும் என்று தெரிய வேண்டுமானால் முதலில் ஒரு புல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கும் நூல் அது, படம் படமாக. புல்லுக்கு இந்த முறை அற்புதமாகப் பொருந்துகிறது. ஒரு அருகம்புல்லைப் பார்த்தால் அருகம்புல் இனத்தைப் பார்த்தாயிற்று. அந்தப் புல்லுக்குத் தனிப்பெயர் தேவையில்லை.

மனிதர் படங்களுக்கும் இதே தலைப்புதான் வைத்தார்கள். காடர், பணியர், தொதவர் பெண் என்று. யாருடைய மகள், எந்த ஊர், பெயரென்ன என்பதற்கு அந்த ஸ்கீமாவில் ஃபீல்டே கிடையாது. அரசு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ‘பீப்பிள் ஆஃப் இந்தியா’விலும் இதே கதிதான், 468 படங்கள்.

போன வருடம் மே மாதம் ஆபீஸ் நண்பர்களோடு சேர்வராயன் கோயிலுக்குப் போயிருந்தேன். மலையின் தலையில், 5,300 அடிக்கு மேல், மரமில்லாத ஒரு மொட்டைப் பரப்பு. குனிந்து போக வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். வெளியே எல்லார் கையிலும் போன். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தட்டோடு நின்ற ஒரு அக்காவை எங்களில் ஒருத்தன் படமெடுக்கப் போனான். “எதுக்கு தம்பி?” என்றார். அவனுக்குப் பதில் தெரியவில்லை, சும்மாதான் என்றான். “சும்மாவா?” என்று சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் போனைப் பைக்குள் வைத்தான்.

எதுக்கு என்ற அந்தக் கேள்வியைத்தான் முக்காலியைப் பார்த்து அவர்கள் ஊர் கேட்டது. அதற்கான பதில் பிறகு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. சுதந்திரத்துக்குப் பின் பட்டியல் பழங்குடிகளின் பட்டியல் போட்டபோது மலையாளி என்ற பெயர் சேலம், தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு மட்டும் என்று எழுதப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடிகளில் மிகப் பெரிய சமூகம் அவர்கள்தான், மூன்றரை லட்சத்துக்கும் மேல். ஈரோடு பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள், மாவட்ட எல்லை தாண்டியதால் பட்டியலுக்கு வெளியே நின்று பல்லாண்டுகளாகச் சான்றிதழ் கேட்டுவந்திருக்கிறார்கள். சாதிச் சான்றிதழ் வழக்குகள் நீதிமன்றம் போகும்போது வக்கீல்கள் எடுத்து வைக்கும் புத்தகங்களில் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் இன்றும் உண்டு. அன்றைக்குப் படத்துக்கு நிற்காமல் ஓடியவரின் கொள்ளுப்பேரன், கல்லூரி அட்மிஷனுக்காக, தான் அந்தப் பக்கத்தில் இருக்கும் மலையாளிதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கூடவே இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

ரங்காச்சாரி 1934இலும் தர்ஸ்டன் அதற்கு அடுத்த ஆண்டிலும் இறந்தார்கள். புற்கள் கையேட்டைத் திறந்தால் தலைப்புப் பக்கத்தில் ரங்காச்சாரியின் பெயருக்குக் கீழே அவருக்கு உதவியவர் பெயர் இருக்கிறது: சி. தாடுலிங்கம் முதலியார். தர்ஸ்டன் நூலில் தன் பெயர் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் அச்சடித்திருக்கிறார்.